மேற்கோளில் மிஞ்சியவை

அரிஸ்டாட்டில் வெளியுலகுக்கென எழுதிய உரையாடல் நூல்கள் முழுமையாக இன்று இல்லை. பிறர் எடுத்தாண்ட துணுக்குகளே மிஞ்சின. நம் கொங்கு நாட்டுக்கும் இதே கதைதான். விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதைக்கு முதலும் முடிவும் கிடைக்கவில்லை. அதன் மூலமான குணாட்டியரின் பிருகத்கதையும் அழிந்துவிட்டது. கொங்கு நிரம்பையூரார் எனப்படும் அடியார்க்குநல்லாரின் சிலப்பதிகார உரையும் குறையாகவே நமக்கு வந்தது. ஆனால் இந்திரகாளியம், பஞ்சமரபு, மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று பல இசை, நாடக இலக்கண நூல்களின் பெயர்களை அறிவதே அந்தக் குறையுரையால்தான்.

தரமற்றவை என்பதால்தான் இத்தகைய நூல்கள் மறைந்தன, நல்ல நூல் எப்படியும் நிலைக்கும் என்பார்கள் சிலர். எனக்கு அது உடன்பாடில்லை. ஓலைக்குத் தரம் தெரியாது. சில நூறு ஆண்டுகளில் அது செல்லரித்துப் போகும், யாரேனும் படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். இசையும் கூத்தும் பயில்வோர் குறைந்தபோது அவற்றின் இலக்கணத்தைப் படியெடுக்கும் கைகளும் குறைந்தன. தொலைந்ததாகக் கருதப்பட்ட பஞ்சமரபின் சுவடி கொங்கு நாட்டிலேயே வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டருக்குக் கிடைத்து, 1970களில் அச்சேறியது. பழந்தமிழ் இசையை ஆராய்வோர் இன்று அதை விட்டுவிட்டு நகர முடியாது. தரமற்ற நூலுக்கா இந்த இடம்? உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதேனும் இருந்தால், தயவுசெய்து ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். சுவடி படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.