மன்னிக்க யாருக்கு உரிமை?

செய்த பாவத்தை யார் மன்னிக்கலாம் என்ற கேள்வியை நேராகக் கேட்ட தமிழ்ப் படங்கள் குறைவு. 2013 பிப்ரவரியில் வெளிவந்த மணிரத்னத்தின் ‘கடல்’ அவற்றில் ஒன்று, எழுதியவர் ஜெயமோகன். அநாதையாக அலைந்த தாமஸை ஃபாதர் சாம் மீனவனாக்கி ஆளாக்குகிறார். பொய்ப்பழி சுமந்து அவர் சிறைக்குப் போனதும், தாமஸ் அந்தப் பழியைச் சுமத்திய பெர்க்மான்ஸின் கையாளாகிக் கொலைவரை போய்விடுகிறான். பிறகு பியாட்ரிஸ் என்ற பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். குழந்தை மனசுக்காரியான அவள் அந்த இடத்திலேயே மன்னித்துவிடுகிறாள்.

கத்தோலிக்க முறைப்படி பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்குவது குருவானவர் மட்டுமே. 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்திறங்கிய முத்துக்குளித்துறைப் பக்கம் இதைச் சின்னப் பிள்ளையும் அறியும். மன்னிப்போடு கணக்கு முடிவதுமில்லை. திருடியவன் பொருளைத் திருப்பித் தரவேண்டும், பரிகாரமும் செய்யவேண்டும். விவிலியத்தில் பழைய தவறை எதிர்கொண்ட மீனவர் பேதுரு. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவரிடம், திபேரியாக் கடலோரத்தில், இரவெல்லாம் வலைவீசிய மறுநாள் காலை, இயேசுவே மூன்று முறை அன்பு உண்டா என்று கேட்கிறார். அங்கே மன்னித்தவர் வேறு யாருமல்ல, மறுதலிக்கப்பட்டவர்.

சைவத்திலும் கணக்கு இப்படித்தான். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் எனப் பிரிக்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம் குருவின் தீக்கையால் எரியும்; இந்த உடம்போடு வந்த பிராரத்தத்தை அனுபவித்தே கழிக்கவேண்டும். ஆக, இரு மரபிலும் அருள் உண்டு, தள்ளுபடி இல்லை.

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்குப் பாவத்தையும் கடனையும் கழிக்கும் இடம் பவானி கூடுதுறை. கொடிவேரி அணை தாண்டி வரும் பவானி காவிரியில் கலக்கும் அந்தப் படித்துறையில் ஆடி அமாவாசைக்கு நிற்க இடமிருக்காது. எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தை ஆற்றில் விட்டு, முழுகி எழுந்து சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுப் போகிறார்கள். முன்னோருக்குப் பட்ட கடன் இதில் தீரலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரனின் வரப்பை வெட்டி நிலத்தைச் சேர்த்துக்கொண்டவன் எத்தனை முழுக்குப் போட்டாலும் வரப்பு பழைய இடத்துக்கு வராது.

‘கடல்’ சறுக்குவதும் இங்கேதான். கடைசியில் புயலுக்கு நடுவே சாமும் பெர்க்மான்ஸும் மோத, கேள்வி தேவனுக்கும் சாத்தானுக்குமான சண்டையாகப் பெருத்துவிடுகிறது. தாமஸின் கையால் செத்தவர்களின் வீடுகள் கதையிலிருந்தே மறைந்துபோகின்றன. பியாட்ரிஸ் மனதார மன்னித்தாள். ஆனால் மன்னிக்கும் உரிமை அந்த வீடுகளுக்கே இருந்தது.