பூனையைக் கட்டிப்போட்டவளும் நாமும்

 



பஜ்ருத் தொழுகையை முடித்து வந்து தேநீரோடு பத்திரிகையை விரிக்கிறோம். பெற்ற தாயைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போன மகன், அடிபட்டுக் கிடந்தவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டம், ஏழையின் மனுவை வாங்கிக் கட்டோடு கட்டாகப் போட்டுவிட்ட அலுவலகம் என்று நாள் தவறாமல் ஏதாவது ஒன்று. "இப்படியும் மனிதர்கள் உண்டா!" என்று கொதிக்கிறோம், அதிகாரிகளை ஏசுகிறோம். தேநீர் ஆறுவதற்குள் நம் கோபமும் ஆறிவிடுகிறது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கொடுமையைக் கண்டு கோபம் வருவது நல்லதுதான். தீமையைக் கண்டவர் கையால் தடுக்க வேண்டும், இயலாவிட்டால் நாவால் தடுக்க வேண்டும், அதற்கும் இயலாவிட்டால் மனத்தால் வெறுக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மனத்தால் வெறுப்பதோடு நின்றுவிடுவது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்றும் சேர்த்தே சொன்னார்கள். நாமோ கையும் நாவும் இருந்தும் அந்தக் கடைசிப் படியிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டோம்!

அப்படிப் படுத்துக் கிடந்ததன் விலை என்ன என்பதைக் காண நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்குப் போனால் போதும்.

2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் நாள். பொழுது புலரும் நேரம். புத்தி பேதலித்தவர்களை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தனியார் இல்லத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலி இல்லாதவர்கள் ஓடிப் பிழைத்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்கள் எங்கே ஓடுவார்கள்? 28 உயிர்கள் கருகிப்போயின. அவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

இந்தச் செய்தியைக் கேட்டால் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு சம்பவம் நினைவுக்கு வராமல் போகாது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீது அது. ஒரு பெண் ஒரு பூனையின் காரணமாக நரகம் புகுந்தாள். அவள் அதை வெட்டவில்லை, நெருப்பில் போடவில்லை. கட்டிவைத்தாள், தீனியும் கொடுக்கவில்லை, தானே இரைதேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அது செத்துப்போயிற்று. அவ்வளவுதான் அவள் செய்தது. இல்லை, அவ்வளவுதான் அவள் செய்யாமல் விட்டது!

கவனியுங்கள், சகோதரர்களே! கட்டிப்போட்டுவிட்டு மறந்துபோவதும் அல்லாஹ்வின் தராசில் நிறுக்கப்படும். பூனைக்கே இந்தக் கணக்கு என்றால், ஆதமின் மக்களுக்கு?

ஏர்வாடியில் கட்டியது யார்? இல்லத்தை நடத்தியவர் கட்டினார். அவர் மீது வழக்கு நடந்து 2007-ல் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சங்கிலியில் அவர் கை ஒன்றுதானா இருந்தது?

அரசாங்கத்தின் கை இருந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் உரிமம் பெற வேண்டும், அவற்றைச் சோதனையிட வேண்டும் என்று 1987-ம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, 1993 முதல் நடைமுறையிலும் இருந்தது. எட்டு ஆண்டுகள் அது ஏட்டிலேயே உறங்கியது. அந்த இல்லங்கள் ஒளிந்து நடந்தவை அல்ல. தெருவில் போகிறவருக்கெல்லாம் சங்கிலிச் சத்தம் கேட்டது. கேட்க வேண்டியவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. நெருப்பு எரிந்த பிறகுதான் அத்தகைய இல்லங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததை எட்டு ஆண்டுகளாகச் செய்யாதது ஏன்? ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நாயக வாக்கு. ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரும் அந்த விசாரணைக்குத் தப்ப முடியாது.

இனிச் சொல்லப்போவது கசக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சங்கிலியில் குடும்பங்களின் கையும் இருந்தது. அந்த 28 பேரும் வானத்திலிருந்து ஏர்வாடியில் விழுந்தவர்கள் அல்லர். ஒரு வாப்பாவோ, காக்காவோ, கணவனோ கைப்பிடித்து அழைத்துவந்து விட்டவர்கள். சிலர் வேறு வழியறியாத வறுமையினால் விட்டார்கள்; அவர்களுடைய கண்ணீரை அல்லாஹ் அறிவான். வேறு சிலரோ, "வீட்டில் ஒரு பைத்தியம் இருப்பது தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராதே" என்று விட்டார்கள். மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். பிறகு அதுவும் நின்றது. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பூனையைக் கட்டியவளுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தத் தெருவில் நடந்தவர்களின் கையும் இருந்தது. ஸியாரத்துக்குப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஸியாரத்தைப் பற்றிய விவாதம் அல்ல இது. போன வழியில் விலங்கிடப்பட்ட மனிதனைக் கண்டு, "பாவம்!" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வந்தோமே, அதைப் பற்றிய பேச்சு இது.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் எப்படி நடந்தார்கள்? அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி: மதீனாவில் புத்தி சற்றுப் பேதலித்த ஒரு பெண்மணி இருந்தார். அவர் வந்து, தமக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளித்தார்களா? தோழர்களை விட்டு அப்புறப்படுத்தச் சொன்னார்களா? இல்லை! இன்னாரின் தாயே என்று மரியாதையோடு அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறீரோ அதை நீரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்றார்கள். அவரோடு தனியே வழியோரம் போய் நின்று, அவர் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். அகிலத்துக்கு அருட்கொடையாக வந்த தூதர், ஊர் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்காகத் தெருவில் காத்து நின்றார்கள்!

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பதும் நாயக வாக்கு: விழிக்கும்வரை உறங்குபவர், பருவமடையும்வரை குழந்தை, தெளியும்வரை புத்தி மாறியவர். அந்த நிலையில் அவர்கள் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. அல்லாஹ்வே குற்றம் எழுதாத ஒருவருக்கு நாம் விலங்கு பூட்டினோம்! புத்தி குறைந்தோருக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் இனிய சொல்லே பேச வேண்டும் என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 5-ம் வசனம் கட்டளையிடுகிறது. சோறும் துணியும் மட்டும் போதாது, இனிய சொல்லும் வேண்டும் என்கிறது.

நம் முன்னோர் இதை நூலில் வைத்துப் பூட்டிவிடவில்லை. டமாஸ்கஸில் 1154-ல் சுல்தான் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் 1284-ல் சுல்தான் கலாவூன் எழுப்பியதிலும் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. அலெப்போவில் 1354-ல் கட்டிய அர்கூன் மருத்துவமனையில், அவர்கள் தங்கும் அறைகளின் முற்றத்தில் நீர்த்தொட்டி வைத்துக் கட்டினார்கள், தண்ணீரின் ஓசை கலங்கிய மனத்துக்கு ஆறுதல் தரும் என்று. அன்று நீரோசை, ஏர்வாடியிலே சங்கிலியோசை!

சரி, இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நோயை நோய் என்று ஒப்புக்கொள்வது. அல்லாஹ் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். துஆ கேளுங்கள், மருந்தும் கொடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது.

இரண்டாவது, சட்டத்தை அறிந்துகொள்வது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ம் பிரிவு மனநோயாளரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. வீட்டிலேயே ஒருவர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாவதைக் கண்டால், 101-ம் பிரிவின்படி எவரும் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். இதற்குப் பிறகும் 2019-ல், உத்தரப் பிரதேசத்தில் நோயாளிகள் சங்கிலியில் கிடந்த செய்தி உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. சட்டம் தானாக நடந்து வராது. நாம்தான் அதைக் கூட்டிவர வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் இப்படிப்பட்டவர் எவர் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்து வைப்பது. பின்கட்டு அறையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பிள்ளைக்காக வருடக்கணக்காக ஒரு விருந்துக்கும் போகாத உம்மா உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஒரு நாள் போய் அந்தப் பிள்ளையோடு நீங்கள் உட்காருங்கள். அந்தத் தாய் நிம்மதியாகக் குளித்துத் தொழுதுவிட்டு வரட்டும்.

ஏர்வாடிச் செய்தியைப் பத்திரிகைகளில் கண்டுதான் உச்ச நீதிமன்றம், எவரும் வழக்குத் தொடுக்காமலேயே, அதைத் தன் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே பத்திரிகையைத்தான் நாமும் அன்று படித்தோம். நாம் என்ன செய்தோம் என்று நாளை மறுமையில் கேட்கப்பட்டால், மடித்து வைத்தோம் என்றா சொல்வோம்?

யா அல்லாஹ்! கட்டுண்டு கிடப்போரின் கட்டுகளை அவிழ்ப்பாயாக! நோயுற்றோருக்கு ஷிபாவைத் தருவாயாக! பூனையைக் கட்டிப்போட்டு மறந்தவளின் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.