ராஜா வருகிறார், நடவு நிற்கலாமா?



ஆயிரவருட அரசாட்சியைக் குறித்து நம்முடைய கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். சாத்தான் கட்டப்படுவான், இயேசு ராஜா இந்தப் பூமியில் நீதியாய் அரசாளுவார் (வெளி. 20). கேட்கும்போதே உள்ளம் பொங்குகிறது, அல்லேலூயா! ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "ஆண்டவருதான் சீக்கிரம் வரப்போறாரே, புள்ளைய எதுக்குக் காலேஜ்ல சேர்க்கணும்? வாங்கின கடனை எதுக்கு அவசரமா அடைக்கணும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக்கூடாது. இதனால் ஒரு குடும்பமே கெட்டுப்போகலாம்.

இந்த அரசாட்சியைக் குறித்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரேவிதமாய் நம்புகிறதில்லை. 2-ஆம் நூற்றாண்டில் ஐரேனியஸ் என்னும் சபைப் பிதா, அது பூமியிலேயே நடக்கும் என்று போதித்தார். 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்டின், அந்த ஆயிரம் வருஷம் சபையின் காலத்தையே குறிக்கிறது என்றார். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகிற நம் அயலாரும் ராஜா திரும்ப வருவார் என்றுதான் விசுவாசிக்கிறார்கள். ஆயிரம் வருஷத்தை மட்டும் வேறுவிதமாய்ப் புரிந்துகொள்ளுகிறார்கள். நாம் எழுத்தின்படியே நம்புகிறோம். நல்லது. அந்த நம்பிக்கை நம்மை எப்படி நடக்க வைக்கிறது? அதுதான் கேள்வி.

நம்முடைய தமிழ் ஜனத்தில் பிறந்த ஒருவரின் சரித்திரத்தைக் கேளுங்கள். யுஸ்துஸ் யோசேப்பு, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தார். 1861-ல் குடும்பமாய் ஞானஸ்நானம் பெற்று, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் மிஷனில் போதகரானார். 1870-களில் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானது. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள். அவர் இயற்றிய மலையாளப் பாட்டுகளைக் கேரள சபைகள் இன்றும் பாடுகின்றன. ஆனால் 1875-ல், ஆறு வருஷத்தில், 1881-ல் கர்த்தர் வருவார் என்ற அறிவிப்பு அந்த எழுப்புதலுக்குள் புகுந்தது. அநேகர் அதை நம்பினார்கள். பழைய சபையைவிட்டுப் பிரிந்தார்கள். 1881 வந்தது, போனது. அதற்குப் பிறகு, புதிய யுகம் ஆவிக்குரிய விதத்தில் தொடங்கிவிட்டது என்று விளக்கம் சொல்லப்பட்டது. 1887-ல் அவர் காலமானார்.

அந்தக் கண்ணீர் பொய்யா? அந்தப் பாட்டுகள் பொய்யா? இல்லை. காத்திருந்தது தப்பில்லை, தேதி குறித்ததுதான் தப்பு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்பார்த்தார்கள். சிலர் விளைச்சலை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டார்கள். தென்கொரியாவில் ஒரு கூட்டத்தார் 1992 அக்டோபர் 28 என்றார்கள். அநேகர் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அதன் தலைவரோ மோசடி வழக்கில் தண்டனை பெற்றார்.

பிரியமானவர்களே, இதைச் சிந்தியுங்கள். தேதி தெரிந்தவன் அந்தத் தேதிவரைக்கும்தான் கடமை என்று நினைப்பான். அதற்குப் பிறகு கடன் கொடுத்தவன் யாரோ, பிள்ளை யாரோ! தேதி தெரியாதவனோ ஒவ்வொரு நாளும் உண்மையாய் இருக்கவேண்டும். காலங்களை அறிகிறது உங்களுக்குரியதல்ல என்று ஆண்டவர் சொன்னது (அப். 1:7) நம்மைத் தண்டிக்க அல்ல, நம்மைக் காக்க.

"பத்து வருஷத்துக்குத் திட்டம் போடுறவன் வருகையை நம்பாதவன்தானே?" என்று சிலர் கேட்கலாம். குத்தகைக்காரனைப் பாருங்கள். நிலத்துக்காரர் எப்போது வருவார் என்று தெரியாது. அதனாலேயே தண்ணீர் கட்டுகிறான், களை எடுக்கிறான், வரப்பைக் காக்கிறான். இன்னொரு பக்கமும் உண்டு. நிலத்துக்காரர் வரவே மாட்டார் என்று நினைக்கிறவன் பக்கத்து வரப்பை வெட்டுவான், கந்துவட்டி வாங்குவான், கூலியைக் குறைப்பான். இரண்டு பேருமே ராஜாவை மறந்தவர்கள்தான்.

மேலும், அந்த ராஜ்யம் எங்கே வரும் என்கிறோம்? இந்தப் பூமியில். ஏசாயா 65-ஐ வாசித்துப் பாருங்கள்: வீடு கட்டுகிறவனே அதில் குடியிருப்பான், தோட்டம் போடுகிறவனே அதன் கனியைப் புசிப்பான். ராஜா தமக்கென்று வைத்திருக்கிற மண்ணை நாம் அற்பமாய் எண்ணலாமா? பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருந்த நேரத்தில், எரேமியா 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கினான் (எரே. 32). அதுதான் விசுவாசம்!

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டு, பாகூர் பக்கத்துக் கிராமங்களும் வயல்களும் மூழ்கின. கடைசிகாலத்து அடையாளம் என்று நாம் சொல்லலாம். ஆனால் நாற்று அழுகிப்போன அயலானிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், ராஜா நம்மை என்ன கேட்பார்? அவனுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்து, சேறு அள்ளக் கூடநின்று, பிறகு வருகையைச் சொல்லுங்கள். அப்போது கேட்பான்.

ஆகையால் ஜெபியுங்கள், விழித்திருங்கள். கடனை அடையுங்கள், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள், நடவு நடுங்கள். அவர் வரும்போது சேற்றுக் கையோடு நம்மைக் கண்டாலும் வெட்கமில்லை. மாரநாதா! ஆமென்.