மருத்துவமனையின் வாய்மை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்திருக்கும் குலசேகரம் அளவிற் சிறிய ஊரே ஆயினும், வைத்திய வசதி என்னும் விஷயத்தில் பெரிய நகரங்கள் சிலவற்றுக்கும் வாய்க்காத பேறு அதற்கு வாய்த்திருக்கிறது. ஸ்ரீ மூகாம்பிகா மருத்துவ அறிவியல் நிறுவனம் என்னும் அலோபதி மருத்துவக் கல்லூரியும், சாரதா கிருஷ்ணா ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும் அவ்வூரிலேயே இருக்கின்றன. 1838-ஆம் ஆண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே மேனாட்டு வைத்தியத்தைத் தொடங்கிய நெய்யூர் அதிக தூரத்தில் இல்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மேற்பட்ட சிகிச்சை வேண்டுமென்றால், இந்தப் பிரதேசம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த காலத்து வழக்கப்படி இன்றும் மக்கள் எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். போகுமிடம் இத்தனை இருப்பதனாலேயே ஒரு கேள்வி இங்கே கூர்மை பெறுகிறது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டச் செல்லும் தொழிலாளி ஒருவர், நோயுற்ற மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, இவற்றுள் எந்த வாசலை நம்பி உள்ளே நுழைவது?

மருத்துவத்தின் தரத்தை நோயாளி தாமே சோதித்தறிய முடியாது. மயக்க மருந்து கொடுக்கப்பட்டு மேஜைமேற் கிடப்பவருக்கு, கத்தியைப் பிடித்திருக்கும் கையின் திறமையோ, கருவிகள் முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்பட்டனவா என்பதோ, தம் உடம்பில் இறங்கும் இரத்தம் பரிசோதிக்கப்பட்டதா என்பதோ தெரிய வழியில்லை. ஆதலால் அவர் சார்பாக வேறொருவர் சோதித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தேவையிலிருந்தே அங்கீகாரம் என்னும் ஏற்பாடு பிறந்தது. நம் நாட்டில் இந்தியத் தரக் குழுவின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய அங்கீகார வாரியம், என்.ஏ.பி.எச். என்று எல்லோரும் வழங்குவது, இவ்வேலையைச் செய்துவருகிறது. அதன் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் 10 அத்தியாயங்களும், 100 நியமங்களும், அவற்றுக்குட்பட்ட 651 கூறுகளும் இருந்தன. அரசு மருத்துவமனைகளுக்கு 2013-இல் வகுக்கப்பட்ட தேசியத் தர உறுதி நியமங்கள் தனியே உண்டு.

இந்நியமங்கள் வெறும் காகிதச் சடங்கு என்று ஒதுக்குவோர் அவசரப்படுகிறார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் பெயர், அறுக்கவேண்டிய இடம், துணிச்சுருள்களின் எண்ணிக்கை முதலியவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் ஒரு சிறு பட்டியலை, உலக சுகாதார ஸ்தாபனம் டில்லி உட்பட எட்டு நகரங்களில் நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப்பின் நேரும் மரணம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒரே பக்கத்தில் அடங்கும் பட்டியல் உயிர்களைக் காக்குமாயின், நியமம் அற்ப விஷயமன்று.

ஆனால் அந்த 100 நியமங்களுக்குள் ஒன்று மற்றவற்றைப் போன்றதன்று. மருத்துவமனையில் நேரும் பிழைகளையும் விபரீதங்களையும் பணியாளர்களே பதிந்து தெரிவிக்கவேண்டும், அவற்றின் மூலகாரணத்தை ஆராயவேண்டும் என்று அது விதிக்கிறது. கை கழுவும் தொட்டி இருக்கிறதா, தீயணைக்கும் கருவி இருக்கிறதா என்பவற்றைப் பரிசோதகர் கண்ணாற் காணலாம். பிழையை மருத்துவமனை சொன்னாலொழிய அவர் காண முடியாது. இங்கேதான் அறவினா தோன்றுகிறது. தன் பிழைகளைத் தானே எழுதிவைக்கும் மருத்துவமனை உயர்ந்ததா, பிழையே பதிவாகாத மருத்துவமனை உயர்ந்ததா? பிழையை ஒப்புக்கொண்டவரைத் தண்டிப்பது நியாயமா, தண்டியாது விடுவது நியாயமா?

இவ்வினா புதிதன்று. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் பின்தொடர்ந்து விளைவைக் குறிக்கவேண்டும், விளைவு நன்றாயில்லையெனின் காரணம் யாரிடம் என்பதையும் குறிக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். பிறர் இணங்காமையால் தாமே ஒரு சிறு மருத்துவமனையை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கே சிகிச்சை பெற்ற 337 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 123 பிழைகளை அச்சிட்டு வெளியிட்டார். அதனால் அவருக்குக் கிடைத்தது சகாக்களின் பகைமை. அவருடைய எண்ணத்திலிருந்தே அமெரிக்க அறுவை மருத்துவர் கழகத்தின் முதல் பரிசோதனை உருவாயிற்று. நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்ததில் 89 மட்டுமே தேறின. தேறாதவற்றுள் நாட்டின் கீர்த்தி மிக்க மருத்துவமனைகளும் இருந்தமையால், 1919-இல் நியூயார்க் ஹோட்டலொன்றின் உலையிலே அப்பட்டியல், பத்திரிகைக்காரர் கைக்குப் போய்விடக்கூடாதென்று, எரிக்கப்பட்டது. அங்கீகாரம் என்னும் ஏற்பாட்டின் பிறப்பிலேயே உண்மையைத் தேடும் வேட்கையும் உண்மையைக் கண்டு அஞ்சும் அச்சமும் இரண்டறக் கலந்திருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகையுற்ற கர்ப்பிணி ஒருவருக்குச் சிவகாசி இரத்த வங்கியிலிருந்து பெற்ற இரத்தம் ஏற்றப்பட்டது. அவ்விரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதை வெளிப்படுத்தியது இரத்த வங்கியின் பரிசோதனை அன்று, மருத்துவமனையின் பதிவேடும் அன்று. இரத்தம் கொடுத்த இளைஞரே. உறவினர் ஒருவருக்காக இரத்தம் கொடுத்திருந்த அவர், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தம் நோயை முதன்முதலாக அறிந்தவுடன், தம் துயரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, தம் இரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாதே என்று மருத்துவமனைக்குத் தகவல் தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016-இல் ஒரு முகாமில் அவர் இரத்தம் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டும், அச்செய்தி அவருக்கு அறிவிக்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. அம்மாதம் முடியுமுன் அந்த இளைஞர் உயிர் நீத்தார். கர்ப்பிணிக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது.

இச்சம்பவத்தில் ஆய்வகத் தொழில்நுட்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அது நியாயமே என்று பொதுமக்கள் கருதினர். அவ்வாறு கருதுவதிலே தவறில்லை. ஆயினும் அறம் இன்னும் சற்று உள்ளே நோக்கச் சொல்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த ஒரு பரிசோதனை முடிவு உரியவரிடம் சேராமற் போனதற்கு ஒரு தொழில்நுட்பரின் அசட்டை மட்டும் காரணமாகாது. தொற்று கண்டவரைத் தேடிச் சென்று, அந்தரங்கம் கெடாமல், ஆறுதலோடு செய்தி சொல்லும் பொறுப்பு நிறைவேறாத ஏற்பாட்டில், ஒருவரை நீக்கி இன்னொருவரை அமர்த்தினால் அடுத்த பிழைக்கு நாள் குறித்தாயிற்று என்பதுதான் பொருள். அவ்வளவும் நேர்ந்த பின்னர், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், எந்த நியமப் புத்தகத்தையும் படித்திராமல், உண்மையை உரைத்தவர் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர். அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஏற்பாடு எதுவும் அவரைத் தாங்கவில்லை.

பிழையை ஒப்புக்கொண்டவர் தண்டிக்கப்படக் கூடாது என்று கூறுவோரின் வாதம் வலுவானது. தண்டனை நிச்சயமென்றால் எந்தச் செவிலியும் மருந்தளவு மாறிவிட்டதென்று தாமே எழுதமாட்டார். எழுதப்படாத பிழை மறுநாள் வேறொரு படுக்கையில் நேரும். மருந்துகளின் தீயவிளைவுகளைத் தெரிவிக்கும் தேசியத் திட்டம் 2010-இலும், இரத்தம் ஏற்றுவதால் நேரும் தீங்குகளைத் தெரிவிக்கும் திட்டம் 2012-இலும் தொடங்கப்பட்டபோது, தெரிவிப்பவர்மேல் பழி சுமத்துவது அவற்றின் நோக்கமன்று என்பது அவற்றின் ஆதாரக் கொள்கையாயிற்று. ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005-இல் உச்சநீதிமன்றம், மருத்துவர்மேல் குற்றவழக்குத் தொடர வெறும் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அசட்டை இருக்கவேண்டும் என்று வரையறுத்ததும் இந்நியாயத்தையே தழுவியது.

எதிர்வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது. தாயை இழந்த குழந்தைக்கு, மருத்துவமனை பாடம் கற்றுக்கொண்டது என்னும் செய்தியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. பணமும் கல்வியும் செல்வாக்கும் ஒருபுறமே குவிந்திருக்க, மறுபுறத்தில் ஒப்புதல் படிவத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்ட ஏழை நிற்கும்போது, பழி சுமத்தாதீர் என்ற உபதேசம் வலியவருக்கு அரணாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது.

இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, நல்லவேளையாக, நூல்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. குலசேகரத்துக்கு இருபுறத்திலும் உள்ள இரண்டு ராஜ்யங்களும் ஒரு விஷயத்தில் பல்லாண்டு அனுபவம் பெற்றிருக்கின்றன. பிரசவத்தின்போது நேரும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஆராயும் வழக்கத்தைத் தமிழகம் 1990-களிலேயே தொடங்கி, பின்னர் கட்டாயமாக்கிற்று. மருத்துவமனை ஏட்டோடு நில்லாமல், இறந்தவரின் வீட்டுக்கே சென்று, வலி எப்போது கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரி எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது என்று விசாரிப்பது அம்முறை. கேரளத்திலோ 2004 முதல், மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே இப்பணியை ஏற்று, மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பெயரும் நீக்கப்பட்ட ஏடுகளை ஆராய்ந்து, ஏன் இறந்தனர் என்பதை மட்டும் நூலாக வெளியிடுகிறது. பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்கே முதன்மையான காரணம் என்று அவ்வாராய்ச்சி காட்டியமையால், அதைத் தடுப்பதற்கான தர நியமங்களை இங்கிலாந்து நிபுணர்களின் துணையோடு அவர்கள் வகுத்துக்கொண்டனர். தமிழகத்து முறையில் பெயர் மறைவதில்லை. ஆராய்ச்சிக் கூட்டம் விசாரணை மன்றமாக மாறி மெமோ கொடுப்பதில் முடிகிறதென்று அரசு மருத்துவர் சங்கங்கள் குறைகூறி வந்திருக்கின்றன. ஆனால் இறந்தவரின் குடும்பத்தாரின் குரல் தமிழகத்து முறையில்தான் கேட்கிறது. பெயரை மறைப்பதால் உண்மை பெருகுகிறது. குடும்பத்தை அழைப்பதால் நியாயம் பெருகுகிறது. இவற்றுள் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டுமென்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை.

பிழை வேறு, மறைத்தல் வேறு என்ற பேதத்தை இங்கே ஊன்றி நிறுத்தவேண்டும். களைப்பினால் ஒரு கணம் கை தவறுவது பிழை. அதற்குப் பழி தகாது, திருத்தமே தகும். நியமம் தெரிந்திருந்தும் சோம்பலாலோ லாபத்தாலோ அதை மீறுவது குற்றம். அதற்குத் தண்டனை தகும். நேர்ந்ததை ஏட்டிலே மாற்றி எழுதி நோயாளியிடம் பொய் சொல்வது மூன்றாவது. அதற்கு மன்னிப்பே தகாது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000 காலத்தில் நடந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். வாய்ப்புற்றுநோய் கண்ட 26 நோயாளிகளுக்கு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் புதிய மருந்து பரிசோதனையாகச் செலுத்தப்பட்டது. தாம் பரிசோதனைக்கு உட்பட்டிருக்கிறோம் என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருக்கவில்லை என்பதே எழுந்த குற்றச்சாட்டு. அப்பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவின் அனுமதியே அதற்குப் பெறப்படவில்லை என்று 2001-இல் அப்பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. விஷயம் வெளிவந்தது குழுக்களால் அன்று. மையத்திலேயே பணியாற்றிய மருத்துவர் ஒருவர் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டுப் பேசியதால். நோயாளியின் உடம்பு நோயாளிக்குரியது என்னும் முதல் நியாயத்தைக் காப்பதற்கு அறநெறிக் குழு என்னும் ஏற்பாடு மட்டும் போதவில்லை, உள்ளிருந்து ஒருவர் வாய்திறந்தாக வேண்டியிருந்தது.

தராசின்மேல் எடையளவுத் துறை இட்ட முத்திரை, முத்திரையிட்ட நாளில் அது சரியாக இருந்தது என்பதற்கே சாட்சி. மருத்துவமனை வாசலில் தொங்கும் சான்றிதழும் அத்தகையதே. மற்ற நாட்களுக்குச் சாட்சி அங்கே வேலை செய்வோரின் வாய்மையே. ஆதலால் பரிசோதகர்கள் நேர்மாறான ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: நூற்றுக்கணக்கான படுக்கைகளுள்ள மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பதிவேடு ஓராண்டு முழுவதும் வெறுமையாக இருக்குமானால், அதைப் பாராட்டாமல் சந்தேகிக்க வேண்டும், அங்கீகாரத்தைப் புதுப்பிக்கவும் கூடாது. மேலும், வாரியத்திடம் பிழையைத் தெரிவித்ததால் நோயாளியிடம் தெரிவிக்கும் கடமை தீர்ந்துவிடாது. முதலில் அறியவேண்டியவர் நோயாளி; அவருக்குப் புரியும் மொழியில், குலசேகரத்திலாயின் குலசேகரத்துப் பேச்சில், மூத்த மருத்துவரே அமர்ந்து சொல்லவேண்டும்; இழப்பீடும் அவர் நீதிமன்றப் படியேறாமலே கிடைக்க ஏற்பாடு வேண்டும். தெரிவித்த பணியாளரைத் தண்டியாமல் விடுவதற்கு மருத்துவமனை செலுத்தவேண்டிய விலை இதுவே.

தெரிவிப்பவரைக் காக்கும் பொறுப்பு ராஜாங்கத்தைச் சேர்ந்தது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று 2014-ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. அதுவும் அரசு ஊழியரின் முறைகேடுகளைப் பற்றியதே. தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலிக்கு அதனால் அரண் இல்லை. அந்தச் சட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கும் அரசு, மருத்துவமனைகளிடம் வாய்மையை எதிர்பார்ப்பதற்கு முன், அதை அமலாக்கவும் தனியார் நிலையங்களுக்கு விரிவாக்கவும் கடமைப்பட்டிருக்கிறது.