தரையில் கிடக்கும் தைரியம்

"தைரியமா நடங்கப்பா, ஒண்ணும் ஆகாது." பார்க்கின்சன் வந்தவர்களின் வீட்டில் தினமும் ஒலிக்கும் இந்த வார்த்தையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கூடத்தில் ஒழுங்காக நடந்து வரும் அப்பா, சமையலறை நிலைப்படியைக் கண்டதும் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். அங்கே பயப்பட என்ன இருக்கிறது?

1817-இல் இந்நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களுக்கும் அறிவுக்கும் கேடில்லை என்றே கருதினார். விஷயம் அப்படியில்லை. இந்நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் மட்டுமல்ல, விழித்திரையிலும் வேலை செய்கிறது. அது குறைந்தால், கண் மருத்துவரின் பலகையில் கடைசி வரிவரை படிப்பவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது சிரமமாகலாம். படியின் விளிம்பு தரையோடு கரைந்துவிடும். இதற்குக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை.

சாப்பிடும்போது பாருங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்சாதம் வைத்தால் பாதியை விட்டுவிட்டு எழுந்துவிடுவார். பசியில்லை போலிருக்கிறது என்போம். அதையே வாழையிலையில் போட்டால் ஓரத்துப் பருக்கையைக்கூட விரல் தேடிப் போகிறது.

நிலைப்படிக்கு முன்னால் ஓரடிக்கு ஒன்றாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கே ஒட்டினோம். ஒவ்வொரு கோடாகத் தாண்டி உள்ளே போய்விட்டார். 1960-களிலேயே பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் எழுதிவைத்த விஷயம்தான். யோசிக்காமல் நடக்கும் பழக்கத்தை நோய் பிடுங்கிக்கொண்டாலும், கண் ஓர் இலக்கைக் காட்டினால் கால் வேறு வழியில் நகர்ந்துவிடுகிறது.

தன்னம்பிக்கையை மனசுக்குள் இருக்கும் சரக்காகவே பேசிப் பழகிவிட்டோம். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் பிழைப்பதே அதனால்தான். அப்பாவைப் பார்த்தால், அதில் பாதி வீட்டுத் தரையில் இருப்பதாகத் தோன்றுகிறது: நல்ல வெளிச்சம், படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட், பளபளக்காத டைல்ஸ்.

மறுபாதிதான் கஷ்டம். முகத் தசைகள் இறுகிவிட்டதால் அப்பாவின் சிரிப்பு வெளியே தெரிவதில்லை. கல்யாண மண்டபத்தில் "என்ன மாமா, கோபமா?" என்கிறார்கள். கேட்டவர் முகத்தில் இருப்பது கேலியா கரிசனமா என்று கண்டுபிடிப்பதும் இப்போது அவருக்குச் சுலபமில்லை. "இனிமே கல்யாணத்துக்கெல்லாம் நீங்களே போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். வற்புறுத்தக் கூடாது என்கிறாள் அம்மா. நான் அழைத்துப்போகும் கட்சி: முகூர்த்தத்துக்கு வேண்டாம், முதல் நாள் சாயங்காலம், வரவேற்புக் கூட்டம் சேர்வதற்கு முன்னால்.