பழைய ஒட்டை முதலில் பிரிப்போம்



பழைய ஆடைக்கு ஒட்டுப்போடுவதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதிவைத்திருக்கிறார்கள். மத்தேயுவும் மாற்கும் பேசுவது நனைத்துச் சுருக்காத புதுத் துணியைப் பற்றி. அதைப் பழைய ஆடையில் வைத்துத் தைத்தால், பின்னால் சுருங்கும்போது பழையதையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிடும். இன்று நாம் வாசிக்கக் கேட்ட லூக்காவின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவர் புதிய ஆடையையே கிழித்து, அந்தத் துண்டைப் பழையதில் வைக்கிறார். கடைசியில் இரண்டுமே வீண். ஒட்டுப்போட்டவர் கெட்ட எண்ணத்தோடு உட்காரவில்லை. கிழிசலைச் சரிசெய்யத்தான் ஊசியை எடுத்தார். ஆனாலும் கிழிசல் பெரிதானது.

இந்த வசனத்தின் கனம் எனக்கு விளங்கியது நம் பங்கைச் சேர்ந்த ஒரு மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில். நம் இளைஞர் ஒருவர் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஒன்றை வாங்கியிருந்தார். 1.9 லிட்டர் டி.டி.ஐ. டீசல், 90 குதிரைத்திறன். 2001இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாடல். விற்றவர், எஞ்சினில் யாரும் கைவைத்ததே இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏற்றம் தொடங்கியதும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. எஞ்சின் பக்கமிருந்து சீறல் சத்தம் வேறு.

காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினில் முதலில் உள்ளே போவது வெறும் காற்றுதான். அதை அழுத்திச் சூடாக்கிய பிறகே எரிபொருள் வரும். அந்தச் சூட்டில் அது தானாகப் பற்றிக்கொள்ளும். இந்தக் காரில் இருப்பதுபோன்ற டர்போ எஞ்சின்களில் காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அலுமினிய வார்ப்புதான் இன்டேக் மேனிஃபோல்டு. அதோடு சேர்ந்து இ.ஜி.ஆர். என்ற வால்வு இருக்கிறது. புகைபோக்கிப் பக்கமிருந்து கொஞ்சம் கழிவுப் புகையைத் திருப்பி உள்ளே விட்டு, எரியும் வெப்பத்தைக் குறைப்பது அதன் வேலை. வெப்பம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறையும். அந்தப் புகையின் கரியும், எஞ்சினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து மேனிஃபோல்டின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் பசைபோலப் படிகின்றன. காற்றுப்பாதை குறுகிப்போகிறது. வயதான எந்த டீசல் காருக்கும் வருவதுதான் இது. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

முன்பு அந்தக் காரில் கைவைத்தவர் அதைச் செய்யவில்லை. கழற்றுவது சிரமம், மேனிஃபோல்டு எஞ்சினுக்குப் பின்புறம், எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரை ஒட்டி, கை நுழையாத இடத்தில் இருக்கிறது. ஆகவே இ.ஜி.ஆர். குழாயின் வாயில் தகரத் துண்டு ஒன்றை வெட்டி வைத்து அடைத்திருந்தார். ரப்பர் ஓ-ரிங் இருக்கவேண்டிய இடத்தில் சிலிகான் பிதுக்கியிருந்தார். யாரோ பூஸ்ட் மீட்டர் வைப்பதற்காக மேனிஃபோல்டிலேயே ஓட்டை போட்டு, பிறகு மீட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டையை எபாக்சிப் பசையால் மூடியிருந்தார்கள். ஒரு போல்ட்டின் மரை போய்விட்டதால் அதை இறுக்கவே இல்லை. மேலே வெள்ளிப் பெயின்ட்.

வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது உள்ளே அழுத்தம் இல்லை. அதனால் இந்த ஒட்டுகளெல்லாம் தாங்கின. ஏற்றத்தில் டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போதுதான் ஒவ்வொன்றும் வாய்திறந்தது. உள்ளே வந்த காற்றை, காற்றளக்கும் சென்சார் முன்கூட்டியே அளந்து எஞ்சினின் கணினிக்குச் சொல்லிவிட்டது. அந்தக் காற்று வழியிலேயே கசிந்துபோனது கணினிக்குத் தெரியாது. முழுக் காற்றும் வந்ததாக நம்பி டீசலை ஊற்றியது. அதுதான் அந்தக் கரும்புகை. பிய்ந்த சிலிகான் துணுக்குகள் வால்வுகள் பக்கமாக உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்தன என்பதும் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஒட்டு எஞ்சினையே கெடுக்கும் நிலைக்கு வந்திருந்தது.

வண்டிக்காரத் தம்பி சொன்னார்: “அண்ணே, கசியுற எடத்துல மட்டும் பசை போட்டுக் குடுங்க.” மெக்கானிக் மறுத்துவிட்டார். என் பக்கம் திரும்பி, “சாமி, முந்தி செஞ்சவன் வச்சதையெல்லாம் எடுத்தாத்தான் என்ன போயிருக்குன்னே தெரியும். அதுக்கு மேலயே நானும் ஒட்டுனா நானும் அவனும் ஒண்ணுதான்” என்றார். எனக்கு அது மறையுரைபோலவே கேட்டது.

முழுவதையும் கழற்றினார். கரி உள்ளே விழாதபடி எஞ்சினின் துளைகளைத் துணியால் அடைத்தார். சிலிகானைச் சுரண்டினார், பசையைக் குடைந்து எடுத்தார், கரியை ஊறவைத்துக் கழுவினார். பிறகே ஆர்கான் வெல்டிங். அலுமினியத்தில் எண்ணெயோ பசையோ துளி மிச்சமிருந்தாலும் பற்றவைத்த இடம் நுரைத்துத் துளைத்துளையாகிவிடுமாம். வெல்டரின் கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் அழுக்கின் மேல் பற்று நிற்காது. வெல்டிங் முடிந்ததும் லேத் பட்டறையில் பொருந்தும் முகத்தைச் சமப்படுத்தினார்கள். போன மரைக்குப் புது மரை வைத்தார்கள். புது கேஸ்கெட், புது ஓ-ரிங், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கம். இறுதியில் குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, ஒரு குமிழும் வரவில்லை என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தார்.

இ.ஜி.ஆர். வால்வையும் புதிதாக வாங்கி அதன் இடத்திலேயே வைத்தார். அடைத்துவிட்டால் கரி படியாதே என்று தம்பி கேட்டார். அடைத்தால் இவர் எஞ்சின் சுத்தமாக இருக்கும். நச்சு, தெருவில் நடப்பவர் நெஞ்சுக்குள் போகும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல் காற்று மாசைப் பற்றிப் பேசும்போது, அதன் சுமை ஏழைகள் மேல் விழுவதைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. தன் வசதிக்காகப் பிறர் மூச்சைக் கெடுப்பதை நான் பாவம் என்றே சொல்வேன்.

அன்பானவர்களே, நம் வாழ்க்கையிலும் அமைதியான நாட்களில் தாங்கி நிற்கும் ஒட்டுகள் இருக்கின்றன. பாகப்பிரிவினையில் தங்கையை ஏமாற்றிவிட்டு, அவள் மகள் திருமணத்துக்கு ஒரு மோதிரம் போட்டு முடித்துக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. தாய் படுக்கையில் விழும் நாளில் அந்த ஒட்டு வாய்திறக்கும். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவம் உண்டாக்கிய எல்லாச் சேதத்தையும் அது தானாகச் சரிசெய்துவிடுவதில்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1459ஆம் எண்ணில் தெளிவாகக் கற்பிக்கிறது. சக்கேயு இதை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தார். ஆண்டவர் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுக்க எழுந்து நின்றார்.

இன்னும் கடினமான ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காரின் ஒட்டுகளில் ஒன்றைக்கூட அந்தத் தம்பி போடவில்லை. ஆனால் செலவு அவருடையது. நமக்கும் முன்னோர் போட்ட ஒட்டு ஒன்று கையளிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கத்தோலிக்கக் கல்லறைகளிலும் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது. நம் கல்லறையையும் ஒரு சுவர் இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. ஊரில் சண்டை வராமலிருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு என்கிறார்கள். நற்செய்தியில் அப்படி ஒரு சுவர் இல்லை. திருமுழுக்குத் தொட்டி ஒன்று, அப்பம் ஒன்று, புதைக்கும்போது மட்டும் இரண்டு பக்கம். மற்ற நாட்களில் ஒரு குறையும் தெரியாது; ஒரு தலித் சகோதரரின் உடலைத் தோளில் சுமந்து வாசலில் நிற்கும்போது அது கசியும். நாங்கள் கட்டியதல்லவே என்று சொல்லி அதற்கு வருடா வருடம் வெள்ளையடிப்பது அந்த வெள்ளிப் பெயின்ட்டைவிடக் கேடானது. கட்டியவர்களைத் தூற்றுவதாலும் பயனில்லை. அந்த மெக்கானிக் முன்னவரைத் திட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஸ்பேனரை எடுத்தார்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஒப்புரவு அருளடையாளத்துக்காக நான் கோவிலில் இருப்பேன். யாருக்காவது திருப்பிக் கொடுக்கவேண்டியது இருந்தால் அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கல்லறைச் சுவர் குறித்துப் பங்குப் பேரவை கூடுகிறது. எல்லா அன்பியங்களிலிருந்தும், சுவரின் இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும், தவறாமல் வாருங்கள்.