தன்னைத் தானே ஏமாற்றும் வஞ்சகம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பிறரை வஞ்சிக்கிறவன் முதலில் வஞ்சிப்பது தன்னையே. திருமறையின் அல்பகரா அத்தியாயத்து 9ஆம் வசனம் நயவஞ்சகரைக் குறித்து உணர்த்துவது இதுவே. தாம் விழுந்து கிடக்கும் குழி அவர்களுக்கே தெரிவதில்லை என்றும் அது எச்சரிக்கிறது. தெரியாமற் போவதற்குக் காரணம் யாது?

மதீனா கடைத்தெருவில் நடந்த சம்பவம் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். என்னவென்று கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை எல்லோரும் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய பெருமானார் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று தீர்ப்பளித்தார்கள்.

சற்றே சிந்தியுங்கள். வியாபாரி சொன்ன மழை பொய்யன்று. ஆனால் ஈரம் அடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டது மழையா? மனமல்லவா! பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு முழுக் குற்றத்தையும் மறந்துவிடுகிறது நம் நஃப்ஸ்.

கடை வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று. சிங்கப்பூரில் வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரை ஒட்டுகிறார்கள். நம் தராசு சரி என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். முத்திரை தராசுக்குத்தான். நல்ல வெங்காயத்தின் நடுவே அழுகலைச் சேர்த்துப் போடும் கைக்கு முத்திரை ஏது?

இந்நாளில் அதே மழைக் கதை வேறு வேஷத்தில் வருகிறது. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் போலீசார் 51,501 மோசடிகளைப் பதிவு செய்தனர். பறிபோனது சுமார் 110 கோடி வெள்ளி. இத்தகைய பணம் பெரும்பாலும் பிறர் வங்கிக் கணக்குகளின் வழியாகவே கைமாறுகிறது. கணக்கை வாடகைக்கு விட்ட இளைஞனைக் கேட்டால், “அட்டையைத்தான் கொடுத்தேன், யாரையும் நான் ஏமாற்றவில்லை” என்பான். உண்மைதான். முன்பின் அறியாதவன் காசு கொடுத்துத் தன் கணக்கை ஏன் வாங்குகிறான் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே! 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இத்தகையோரைத் தண்டிக்க வழி செய்தது. 2025 நவம்பரில் பிரம்படிக்கும் இடமளித்தது. பெற்றோர்களே! சிங்பாஸையும் வங்கி அட்டையையும் யாருக்கும் கொடுக்கலாகாதென்று பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

தருமம் செய்தால் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்பது இன்னொரு மயக்கம். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் இஹ்யா உலூமித்தீனில் இம்மயக்கத்துக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார்கள். மயங்கியோர் வரிசையில் ஆலிம்கள், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வந்தர்கள் ஆகிய நால்வகையாரையும் நிறுத்தினார்கள். தகாத வழியில் ஈட்டிப் பள்ளிவாசல் கட்டும் தனவந்தரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நம் ஈசூன் தாருல் மக்மூர் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நின்றாலும், உண்டியலில் நோட்டைப் போட்டாலும், அடுத்தவர் காசு அடுத்தவர் காசுதான். உரியவரிடம் அதைச் சேர்க்காமல் தவ்பா நிறைவேறாது.

ஆகவே, இரவில் படுக்குமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இன்று நான் அடியில் வைத்ததை மேலே வைத்திருந்தால் வாங்கியவர் வாங்கியிருப்பாரா? இல்லையென்று மனம் சொன்னால், விடிந்ததும் அவரைத் தேடிப் போவோம். இங்கே நாம் மேலே எடுத்து வைக்காததை, மஹ்ஷரில் அல்லாஹ் எல்லோர் கண்ணெதிரே எடுத்து வைப்பான்.

வல்ல நாயன் நம் கைகளையும் நெஞ்சங்களையும் வஞ்சகத்தினின்றும் காப்பானாக! ஆமீன்.